தண்டனையிலிருந்து தர்க்கத்துக்கு: இஸ்லாமின் எழுச்சியும் கீழைக் கிறிஸ்தவ இறையியலும்

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு பழைய சுரியானி நற்செய்திப் பிரதி இருக்கிறது. மத்தேயு, மாற்கு ஆகிய இரு நற்செய்திகளைக் கொண்ட 6ஆம் நூற்றாண்டுத் தோல் ஏடு அது. அதன் முதல் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் யாரோ ஒருவர் சில வரிகளை எழுதிவைத்திருக்கிறார். மை மங்கிப் பல சொற்கள் அழிந்துவிட்டன. படிக்க முடிகிறவற்றில் முகம்மதின் பெயர் இருக்கிறது. ஊர்கள் அழிந்ததும் மக்கள் சிறைபிடிக்கப்பட்டதும் உரோமப் படை தோற்றதும் இருக்கின்றன. 636ஆம் ஆண்டின் பெரும்போரை ஒட்டி, அதைக் கண்ட அல்லது கேட்ட ஒருவர் எழுதிய குறிப்பு என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள்.

அந்த மனிதருக்கு இஸ்லாம் என்றொரு சமயம் பிறந்திருப்பது தெரிந்திருந்ததா என்பதற்கு அந்த வரிகளில் தடயம் இல்லை. அவர் கண்டது படையெடுப்பு. 640ஐ ஒட்டி எழுதிய தோமா என்ற குருவும் அப்படித்தான். 634 பிப்ரவரியில் காசாவுக்குக் கிழக்கே நடந்த போரைச் சொல்லி, கிறிஸ்தவர், யூதர், சமாரியர் எனச் சுமார் 4,000 ஏழைக் கிராமத்தார் கொல்லப்பட்டதைப் பதிவுசெய்கிறார். 'முகம்மதின் அராபியர்' என்று படையை அடையாளம் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். அவர்கள் எதை நம்பினார்கள் என்று அவர் கேட்கவில்லை.

இஸ்லாமின் எழுச்சியைக் கிறிஸ்தவ இறையியல் எப்படி எதிர்கொண்டது என்று பேசத் தொடங்கினால், பேச்சு வழக்கமாக டமாஸ்கஸ் யோவானில் தொடங்கி அவரிடமே முடிந்துவிடும். அவர் எழுதியது 8ஆம் நூற்றாண்டில். நபிகள் நாயகம் மறைந்தது 632இல். இடைப்பட்ட நூறாண்டில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் இரண்டு தலைமுறைக் கிறிஸ்தவர்கள் இஸ்லாமைப் பற்றி எழுதியதாக நாம் நினைப்பவை பெரும்பாலும் அவர்கள் தங்களைப் பற்றி எழுதியவை: தங்கள் பாவம், தங்கள் பேரரசு, தங்கள் சகோதரத் திருச்சபைகளின் மீதான கோபம். புதிய ஆட்சி போகப்போவதில்லை என்பது உறுதியான பிறகே, அது எழுப்பிய கேள்வி அவர்கள் காதில் விழுந்தது. அதன்பின் பிறந்த சிந்தனை, கிறிஸ்தவ இறையியல் தன் வரலாற்றில் செய்த மிக நேர்மையான வேலைகளில் ஒன்று.

அந்தக் காலத்துக் கீழைக் கிறிஸ்தவ உலகம் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தது. 602 முதல் 628 வரை உரோமப் பேரரசும் பாரசீகப் பேரரசும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. 614இல் எருசலேம் பாரசீகர் கைக்குப் போய், திருச்சிலுவை கொள்ளைபோனது. பேரரசர் ஹெராக்ளியஸ் அதை மீட்டு 630இல் எருசலேமுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அடுத்த எட்டாண்டுக்குள் அந்த நகரமும் போயிற்று. இதற்கு மேல் உட்பகை. கிறிஸ்துவின் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் எப்படி இணைந்தன என்பதில் 431இல் எபேசுவிலும் 451இல் கால்சிதோனிலும் விழுந்த பிளவுகள் ஆறவில்லை. பேரரசின் கொள்கையை ஏற்ற கால்சிதோனியர் ஒருபுறம். அதை மறுத்த சுரியானி, எகிப்திய, ஆர்மீனிய சபையார் ஒருபுறம். பாரசீக எல்லைக்குள் வளர்ந்த கீழைத் திருச்சபை இன்னொருபுறம். ஒவ்வொருவரும் மற்றவரை மனமார வெறுத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டால், அடுத்து வரும் எந்த நூலும் சரியாக விளங்காது.

பாவத்தின் கூலி

634ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. எருசலேமின் முதுபெரும் தந்தை சொஃப்ரோனியஸ் மறையுரை நிகழ்த்துகிறார். அன்று பெத்லகேமுக்குப் பவனி போவது மரபு. பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுதான். போக முடியவில்லை, அராபியப் படை வழியை அடைத்திருக்கிறது. ஏதேனை விட்டுத் துரத்தப்பட்ட ஆதாம், சுடர்வாள் காவலிருக்கும் வாசலைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் நாம் பெத்லகேமைப் பார்க்கிறோம் என்கிறார். பெத்லகேம் கிணற்றுத் தண்ணீருக்கு ஏங்கிய தாவீதையும் நினைவுகூர்கிறார். காரணம் என்ன? நம் பாவம். தீர்வு? மனந்திரும்புங்கள், இஸ்மவேலின், அதாவது அராபியரின், வாள் மழுங்கிவிடும்.

மனத்தைத் தொடும் உரைதான். ஆனால் அதில் எதிரி என்பவர் கடவுளின் கையிலுள்ள பிரம்பு மட்டுமே. பிரம்பு என்ன நினைக்கிறது என்று அடிபடுகிறவர் கேட்பதில்லை. அசீரியரும் பாபிலோனியரும் பழைய ஏற்பாட்டில் வகித்த இடத்தை இப்போது அராபியருக்குக் கொடுத்துவிட்டால் போதும், விளக்கம் முடிந்தது.

யாருடைய பாவம் என்பதில்தான் சிக்கல். பேரரசு திணித்த தவறான கோட்பாட்டின் விளைவு என்றார்கள் அதை எதிர்த்தவர்கள். பேரரசின் தரப்போ அதே குற்றத்தைத் திருப்பிப் போட்டது. கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம் என்ற அரசக் கோட்பாட்டை மறுத்த துறவி மாக்ஸிமஸ் 655இல் கான்ஸ்டான்டிநோபிளில் விசாரிக்கப்பட்டபோது, எகிப்தையும் ஆப்பிரிக்காவையும் சரசேனியரிடம் (அராபியரிடம்) இழந்ததற்கு அவரே காரணம் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. 662இல் அவருடைய நாக்கையும் வலக்கையையும் அறுத்தார்கள். இஸ்லாம் கிறிஸ்தவர்களை வென்றதற்குக் கிறிஸ்தவர்களே ஒருவரையொருவர் தண்டித்துக்கொண்ட கதை இது. இறையியலில் இதைவிடத் துயரமான பக்கம் எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். உரோமரின் கொடுமையிலிருந்து விடுவிக்கவே கடவுள் இஸ்மவேலின் மக்களை அனுப்பினார், சுரியானிக் கிறிஸ்தவர்கள் அவர்களை வரவேற்றார்கள் என்று பல நூல்களில் படிக்கிறோம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் பகுதி 12ஆம் நூற்றாண்டின் சுரியானி மிகாயேல் எழுதிய வரலாற்றில் உள்ளது. அது 9ஆம் நூற்றாண்டின் தெல்மஹ்ரே தியொனீசியஸ் வழியாக வந்தது. போர் நடந்த நாளில் வாழ்ந்தவர் குரல் அது அல்ல. இரண்டு நூற்றாண்டு இஸ்லாமிய ஆட்சியில் வாழ்ந்து பழகிய சமூகம் தன் கடந்த காலத்தை ஒழுங்குசெய்து சொன்னது.

7ஆம் நூற்றாண்டிலேயே, பேரரசின் நிழலில் வாழாதவர்கள் வேறு தொனியில் எழுதினார்கள். ஆர்மீனியாவில் 660களில் எழுதப்பட்டு செபெயோஸ் பெயரால் வழங்கும் வரலாறு, முகம்மது ஒரு வணிகர் என்றும், ஆபிரகாமின் கடவுளை அறியும்படி மக்களுக்குக் கற்பித்தவர் என்றும், செத்ததைத் தின்னாதீர், மது அருந்தாதீர், பொய் சொல்லாதீர் என்று சட்டம் தந்தவர் என்றும் சொல்கிறது. கிறிஸ்தவர் ஒருவர் நபியின் போதனையைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிய மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. ஆனால் அதே நூல் தானியேல் கண்ட நான்காம் மிருகம் இஸ்மவேலின் அரசே என்றும் சொல்கிறது. நான்காவது உரோம் என்பதுதான் அதுவரை கிறிஸ்தவர் பரவலாகக் கொண்டிருந்த கணக்கு. உரோமுக்குப் பின் உலக முடிவுதான் வர வேண்டும். உரோமின் இடத்தில் பாலைவனத்திலிருந்து ஒரு புதிய அரசு வந்து நின்றுவிட்டால், வரலாற்றைக் கடவுள் எப்படி நடத்துகிறார் என்ற கணக்கே மாற வேண்டியிருந்தது.

கீழைத் திருச்சபையின் தலைவராக 649 முதல் 659 வரை இருந்த மூன்றாம் ஈஷோயாப் எழுதிய கடிதங்கள் இந்தக் காலத்தின் அரிய செல்வம். அவருக்கு உரோமப் பேரரசின் வீழ்ச்சியால் எந்த நெருக்கடியும் இல்லை. அவருடைய சபை எப்போதும் பிற சமயத்து மன்னர்களின் கீழேயே வாழ்ந்தது. உலக ஆட்சியைக் கடவுள் இப்போது அராபியருக்குக் கொடுத்திருக்கிறார், அவர்கள் நம் விசுவாசத்தை எதிர்ப்பதில்லை, குருக்களை மதிக்கிறார்கள், ஆலயங்களுக்கும் மடங்களுக்கும் உதவுகிறார்கள் என்று எழுதுகிறார். அப்படியானால் ஓமானில் உள்ள கிறிஸ்தவர்கள் ஏன் கூட்டமாகச் சமயத்தைக் கைவிட்டார்கள்? யாரும் வாள்முனையில் நிறுத்தவில்லை. உடைமையில் பாதியைக் கொடுத்தால் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற நிலையில், அந்தப் பாதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று மனம் நொந்து சாடுகிறார்.

இக்கடிதங்களில் ஒன்று நம் பக்கத்துக் கடற்கரையையும் தொடுகிறது. பாரசீக வளைகுடாவின் ரேவ் அர்தஷீர் நகரப் பேராயர் சிமியோனின் அதிகாரத்தில் இந்தியத் திருச்சபையும் இருந்தது. தலைமையோடு உறவை முறித்துக்கொண்ட அந்தப் பேராயரின் போக்கால் இந்திய மக்களுக்கு ஆயர்கள் கிடைக்காமல் போகிறது என்று ஈஷோயாப் கண்டிக்கிறார். தென்னிந்தியாவின் தோமா வழிக் கிறிஸ்தவர்கள் சார்ந்திருந்த சபை இதுதான். 849இல் கொல்லத்தில் அளிக்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகளின் பெயர்கள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வணிக உலகில் முஸ்லிமும் கிறிஸ்தவரும் யூதரும் ஒரே ஆவணத்துக்குச் சாட்சிகளானார்கள்.

முதல் உமய்யா கலீஃபா முஆவியாவின் காலத்தைப் பற்றி ஒரு மாரோனைட் வரலாற்றேடு சொல்லும் செய்தி, யார் யாரோடு வாதிட்டார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது. 659இல் மாரோனைட் சபையாரும் சுரியானி ஆயர்கள் இருவரும் டமாஸ்கஸில் முஆவியாவின் முன் கோட்பாட்டு வாதம் நடத்தினார்களாம். இரு தரப்பாரும் கிறிஸ்தவர்கள், நடுவர் முஸ்லிம். தோற்ற ஆயர்கள் ஆண்டுக்கு 20,000 தெனாரியம் செலுத்த வேண்டியதாயிற்றாம். முஆவியா கொல்கொதாவுக்கும் கெத்செமனேக்கும் மரியாவின் கல்லறைக்கும் போய் வேண்டுதல் செய்தார் என்றும் அதே ஏடு எழுதுகிறது. நடுவரிடம் நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்று கேட்க அன்று எவருக்கும் தோன்றவில்லை.

பாறைக் குவிமாடம் எழுந்த பிறகு

கலீஃபா அப்துல் மலிக் (685–705) ஆட்சியில் நிலைமை மாறியது. எருசலேமில் பழைய ஆலய மேட்டில் பாறைக் குவிமாடம் எழுந்தது. அதன் உள்வளைவுகளில் வண்ணக்கல் பதிப்பாக ஓடும் நீண்ட அரபுக் கல்வெட்டில் ஹிஜ்ரி 72 என்ற ஆண்டு, அதாவது 691/692, பொறிக்கப்பட்டிருக்கிறது. வேதம் கொடுக்கப்பட்டவர்களை நேரடியாக விளித்துப் பேசும் குர்ஆன் வசனங்கள் அதில் உள்ளன: மர்யமின் மகன் ஈசா இறைவனின் தூதர், மூன்று என்று சொல்லாதீர்கள், இறைவன் ஒருவனே, தனக்கொரு பிள்ளை உண்டு என்பதற்கு அவன் அப்பாற்பட்டவன். கிறிஸ்துவின் கல்லறைக் கோவிலின் குவிமாடம் தெரியும் தூரத்தில், அதைவிட எடுப்பாக, கிறிஸ்தவக் கோட்பாட்டின் மையத்தை நோக்கிக் கல்லில் ஒரு மறுப்பு. சில ஆண்டுகளில் நாணயங்களிலிருந்து உருவங்கள் நீங்கி, ஓரிறைக் கொள்கையின் வாசகம் ஏறியது. கணக்கெடுப்பும் வரியும் இறுகின.

பதில் இருவகையில் வந்தது. ஒன்று, கனவு. 690ஐ ஒட்டி வடக்கு மெசொப்பொத்தேமியாவில் ஒருவர், நான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்து மறைசாட்சியான ஆயர் மெத்தோதியுவின் பெயரில் ஒரு வெளிப்பாட்டு நூலை எழுதினார். இஸ்மவேலின் ஆட்சிக்கு எழுபது ஆண்டுகள்தான் கெடு. பின் கிரேக்கரின் மன்னர் எழுந்து அவர்களை நொறுக்குவார். கடைசியில் அந்த மன்னர் கொல்கொதாவில் தன் முடியைச் சிலுவையின் மேல் வைக்க, இரண்டும் வானுலகுக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்கிறது அந்நூல். வரியால் நசுங்கி, தன் மக்கள் சமயம் மாறுவதைப் பார்த்து நொந்த ஒருவரின் வேதனை அதில் உண்மையானது. ஆனால் அவருடைய எழுபதாண்டுக் கெடு கடந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

மற்றது, அன்றாடத்தைச் சீர்செய்வது. எடெஸாவின் ஆயர் யாக்கோபு (இறப்பு 708) இதில் எனக்கு மிகவும் பிடித்தவர். கண்டிப்பானவர், திருச்சபைச் சட்டங்களை யாரும் மதிக்கவில்லை என்று சினந்து, அந்தச் சட்ட ஏட்டை முதுபெரும் தந்தையின் மடத்து வாசலில் எரித்துவிட்டுப் பதவி விலகியவர் என்று மரபு சொல்கிறது. கிராமத்துக் குருக்கள் அவரிடம் கேள்விகள் அனுப்பினார்கள். அவருடைய விடைகள் கிடைத்திருக்கின்றன. முஸ்லிம்களின் பிள்ளைகளுக்குக் குரு பாடம் சொல்லிக்கொடுக்கலாமா? அவசியம் என்றால் கொடுக்கலாம். அமீர் மடத்துத் தலைவரைத் தன்னோடு உண்ண அழைத்தால்? நான் அனுமதிக்கவில்லை, தேவை அனுமதிக்கிறது. படைவீரர்கள் பலிபீடத்தின் மேல் வைத்து இறைச்சி தின்றுவிட்டார்கள், என்ன செய்வது? அது இனிப் பலிபீடம் ஆகாது. நன்றாகக் கழுவித் தேய்த்து வேறு பொருள் வைக்கப் பயன்படுத்துங்கள், சிறியதாக இருந்தால் உடைத்துப் புதைத்துவிடுங்கள். நோயுற்ற முஸ்லிம் ஒருவர் புனிதர்களின் ஆசி பெற்ற மண்ணைக் கேட்டு வருகிறார், கொடுக்கலாமா? கொடுங்கள். முஸ்லிமை மணந்த கிறிஸ்தவப் பெண், நற்கருணை தராவிட்டால் சமயம் மாறிவிடுவேன் என்கிறாள். தகுந்த கண்டிப்போடு கொடுங்கள், அவளை இழந்துவிடாதீர்கள்.

இந்தக் கேள்விகளில் தெரியும் உலகம் கவனிக்கத்தக்கது. ஒரே தெருவில் வாழ்கிறார்கள், ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், மணம் செய்துகொள்கிறார்கள், ஒரே புனித மண்ணை நம்புகிறார்கள். யாக்கோபு கோட்பாட்டிலும் அதே துல்லியத்தோடு இருந்தார். தாவீதின் வழிவந்த மரியாவின் மகனான இயேசுவே உண்மையான மெசியா என்று முஸ்லிம்கள் உறுதியாக நம்புகிறார்கள், யூதர் மறுப்பதை அவர்கள் ஏற்கிறார்கள், இறைமகன் என்பதை மட்டுமே மறுக்கிறார்கள் என்று ஒரு கடிதத்தில் எழுதுகிறார். தொழுகைத் திசை பற்றியும் அப்படித்தான்: எகிப்தில் இருப்பவர் கிழக்கும் பாபிலோன் பக்கம் இருப்பவர் மேற்கும் நோக்குவது ஏன் என்று, தான் நேரில் கண்டதை வைத்து விளக்குகிறார். மாற்றுச் சமயத்தாரின் நம்பிக்கையில் எது நமக்கு ஒப்பு, எது ஒப்பாதது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே வேர்பிடிக்கிறது. இதற்கு முன் சீனாய் மலைத் துறவி அனஸ்தாசியஸும் இதை உணர்ந்திருந்தார்: அராபியரோடு வாதிடப் போகுமுன், கடவுள் உடலுறவால் பிள்ளை பெற்றார் என்று நாம் சொல்வதாக அவர்கள் நினைப்பதை முதலில் நாமே மறுத்துவிட வேண்டும் என்றார்.

'நீங்கள் சிதைக்கிறீர்கள்'

டமாஸ்கஸ் யோவானின் குடும்பம் அரசவைக் குடும்பம். பாட்டனார் மன்சூர் டமாஸ்கஸ் சரணடைந்தபோது பேச்சுவார்த்தை நடத்தியவர் என்பது மரபு. தந்தை சர்ஜூன் உமய்யா கலீஃபாக்களின் நிதி நிர்வாகத்தில் உயர்பொறுப்பு வகித்தவர். யோவான் பின்னர் எருசலேம் பகுதியில் துறவியானார். கிரேக்கத்தில் எழுதிய 'அறிவின் ஊற்று' என்ற பெருநூலில், திரிபுக்கொள்கைகளைத் தொகுக்கும் பகுதியின் இறுதியில் 'இஸ்மவேலரின் கொள்கை'க்கு இடம் தந்தார்.

அந்த அத்தியாயத்தைப் புகழ்ந்து பேசுபவர்கள் அதை முழுதாகப் படிக்க வேண்டும். ஆரியஸ் வழிவந்த சபைத் துறவி ஒருவரிடமிருந்து நபி கற்றார் என்ற ஊர்ப்பேச்சை அப்படியே எழுதுகிறார். நபியின் இல்வாழ்வைக் குத்திக்காட்டுகிறார். பெண்கள், பசு, உணவுத்தட்டு எனக் குர்ஆன் அத்தியாயப் பெயர்களைச் சொல்பவர், 'இறைவனின் ஒட்டகம்' என்ற ஒன்றையும் சேர்க்கிறார். அப்படியோர் அத்தியாயம் குர்ஆனில் இல்லை. அரண்மனைச் சூழலில் வளர்ந்து அரபு மொழியின் நடுவே வாழ்ந்தவரிடம் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கலாம்.

ஆனால் அதே அத்தியாயத்தில் ஒரு வாதம் இருக்கிறது. பின்வந்த எல்லோருக்கும் அதுவே விதை. முஸ்லிம்கள் நம்மை இணைவைப்பவர்கள் என்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வேதமே கிறிஸ்துவை இறைவனின் வார்த்தை என்றும் அவனிடமிருந்து வந்த ஆவி என்றும் சொல்கிறது. வார்த்தையும் ஆவியும் இறைவனிடமிருந்து பிரியாதவை என்றால், வார்த்தையும் இறைத்தன்மை உடையதே. அவை அவனுக்கு வெளியே உள்ளவை என்றால், அவன் வார்த்தையும் உயிர்ப்பும் அற்றவன் ஆகிறான். கல், மரம் போல. எனவே இணை வைக்கக் கூடாது என்று அஞ்சி நீங்கள் இறைவனைச் சிதைக்கிறீர்கள் என்று முடிக்கிறார். கேலியும் வசையும் ஊர்க்கதையும் நிறைந்த அத்தியாயத்தில் இது வேறு தளத்தில் நிற்கிறது. எதிராளியின் வேதத்தை எடுத்து, அதன் சொல்லையே முன்வைத்து யோசிக்கச் சொல்கிறது.

இறைவனின் பேச்சு என்றுமுள்ளதா, படைக்கப்பட்டதா என்பது பின்னாளில் முஸ்லிம் அறிஞர்களுக்குள்ளேயே பெரும் பூசலாகி, 833இல் கலீஃபா அல் மஃமூன் அதற்காக விசாரணையே தொடங்கினார். கிறிஸ்தவரின் இந்த வாதத்துக்கும் அந்தப் பூசலுக்கும் எவ்வளவு உறவு என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் உடன்படவில்லை. இரு சமயத்தாரும் ஒரே சிக்கலை அருகருகே அமர்ந்து யோசித்தார்கள் என்பது வரை சொல்லலாம்.

யோவானுக்குக் கிடைத்த பரிசு விசித்திரமானது. திருவுருவ வணக்கத்தை ஆதரித்ததற்காக 754இல் ஹியெரியாவில் கூடிய பைசாந்தியச் சங்கம் அவரை அவருடைய அரபுக் குடும்பப் பெயரான மன்சூர் என்றே குறிப்பிட்டுச் சபித்தது. சரசேனிய மனத்தவர் என்று பழித்தது. இஸ்லாமுக்கு எதிரான முதல் பெரும் கிறிஸ்தவ எழுத்தாளராக நாம் கொண்டாடுபவர், தன் சபையாரின் பார்வையில் அரபு ஆள்.

அவருக்கு அடுத்த தலைமுறை கிரேக்கத்தைக் கைவிட்டு அரபுக்கு மாறியது. சீனாயின் புனித கேத்தரின் மடத்தில் கிடைத்த, திரித்துவத்தைப் பற்றிய 8ஆம் நூற்றாண்டு அரபு நூலொன்றின் தொடக்கத் துதி, குர்ஆனின் ஓசையும் சொல்லாட்சியும் கலந்தது. எழுதியவர் பெயர் தெரியவில்லை. அவர் மோசேயையும் தீர்க்கதரிசிகளையும் சுட்டிவிட்டு, இதையே குர்ஆனிலும் காண்பீர்கள் என்று வாசகரிடம் சொல்கிறார். ஹர்ரான் நகர ஆயர் தியோடோர் அபூ குர்ரா இன்னும் ஒரு படி மேலே போனார். எடெஸாவில் கிறிஸ்தவர்கள் அக்கம்பக்கத்தாரின் பரிகாசத்துக்கு அஞ்சித் திருவுருவத்தின் முன் பணிவதைக் கைவிடத் தொடங்கியபோது, அவ்வணக்கத்துக்கு ஆதரவாக அரபில் ஒரு நூல் எழுதினார். மெய்ச் சமயம் எது என்ற இன்னொரு நூலில், மலையில் தனியே வளர்ந்த ஒருவன் சமவெளிக்கு இறங்கி வருகிறான். ஒவ்வொரு சமயத்தாரும் எங்களுடையதே கடவுள் தந்தது என்கிறார்கள். யாருடைய வேதத்தையும் முன்கூட்டி ஏற்காமல், இறைவனைப் பற்றியும் நன்மை தீமை பற்றியும் மறுமை பற்றியும் ஒவ்வொன்றும் சொல்வதைப் பகுத்தறிவால் எடைபோடுகிறான். கிறிஸ்தவமே வெல்கிறது என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் தன் வேதத்தைச் சான்றாகக் காட்டாமல் வழக்கைத் தொடங்க ஓர் ஆயர் ஒப்புக்கொண்டதே பெரிய மாற்றம். முஸ்லிம் வாசகர் அந்த வேதத்தைத் திரிந்ததாகக் கருதும்போது, வேறு வழியும் இல்லை.

பாக்தாத்தில் இரண்டு நாள்

இந்த வரலாற்றின் உச்சம் என்று நான் கருதுவது 781ஐ ஒட்டி பாக்தாத் அரண்மனையில் நடந்த உரையாடல். கலீஃபா அல் மஹ்தி ஒருபுறம், கீழைத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயு (780–823) மறுபுறம். அதைப் பின்னர் திமொத்தேயு சுரியானியில் கடிதமாக எழுதினார். நமக்குக் கிடைப்பது அவருடைய தரப்பு மட்டுமே. சில பதில்களை எழுதும்போது மெருகேற்றியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கலீஃபாவின் கேள்விகளை அவர் பலவீனமாக்கவில்லை. வாதநூல்களில் இது அபூர்வம்.

கலீஃபா எடுத்த எடுப்பில் கேட்கிறார்: உங்களைப் போன்ற அறிவாளி, இறைவன் ஒரு பெண்ணை மணந்து பிள்ளை பெற்றான் என்று எப்படிச் சொல்லலாம்? அப்படி ஒரு பழிச்சொல்லை யார் சொன்னது என்று திமொத்தேயு திருப்பிக் கேட்கிறார். அனஸ்தாசியஸ் கற்றுக்கொடுத்த பாடம் இங்கே பயன்படுகிறது. பிறகு கதிரவனும் அதன் ஒளியும் வெப்பமும், மனமும் அதில் பிறக்கும் சொல்லும் என்று உவமைகள் வழியே போகிறார். நீங்கள் வேதத்தைத் திருத்திவிட்டீர்கள் என்று கலீஃபா சொல்லும்போது அவர் தரும் விடை கூர்மையானது: யூதரும் நாங்களும் பகைவர்கள். பழைய ஏற்பாடு இரு தரப்பிடமும் ஒன்றாகவே இருக்கிறது. பகைவர் இருவர் கூடிப்பேசி ஒரே இடத்தில் ஒரே திருத்தத்தைச் செய்வார்களா?

முகம்மதைப் பற்றி என்ன சொல்கிறீர் என்ற கேள்வி வருகிறது. எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி அது. அவர் புகழத்தக்கவர், தீர்க்கதரிசிகளின் வழியில் நடந்தவர் என்று திமொத்தேயு விடையளிக்கிறார். இறைவன் ஒருவனே என்று கற்பித்தார், சிலைவணக்கத்திலிருந்து மக்களை விலக்கினார், நல்லதைச் சொல்லித் தீயதைத் தடுத்தார் என்று காரணங்களை அடுக்குகிறார். ஆபிரகாமோடும் மோசேயோடும் ஒப்பிடுகிறார். தீர்க்கதரிசி என்ற பட்டத்தை மட்டும் நேராகக் கொடுக்கவில்லை. தீர்க்கதரிசிகளின் வழியில் நடந்தவர் என்பதற்கும் அவரே தீர்க்கதரிசி என்பதற்கும் நடுவே ஒரு மெல்லிய கோட்டைப் போட்டு, அதன்மேல் நின்றுகொள்கிறார். கலீஃபாவும் அதைக் கவனிக்கத் தவறவில்லை: அப்படியென்றால் அவர் சொல்லை நீர் ஏற்க வேண்டும், இறைவன் ஒருவனே என்பதை. அதை நான் தோராவிலிருந்தும் தீர்க்கதரிசிகளிடமிருந்தும் நற்செய்தியிலிருந்தும் முன்பே கற்றிருக்கிறேன் என்கிறார் திமொத்தேயு.

இதை அரசவைப் பயத்தில் வந்த முகத்துதி என்று சிலர் ஒதுக்குவார்கள். அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை மறக்கக் கூடாதுதான். ஆனால் துதி மட்டுமே நோக்கமாக இருந்தால், அதைத் தன் சபையாருக்குச் சுரியானியில் எழுதி அனுப்ப வேண்டிய தேவை இல்லை. கலீஃபா அந்த மொழியில் படிக்கப்போவதில்லை. திமொத்தேயு இந்த விடையைத் தன் மக்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எண்ணியிருக்கிறார்.

உரையாடலின் முடிவுப் பகுதியில் அவர் சொல்லும் உருவகம் புகழ்பெற்றது. நள்ளிரவில், இருண்ட வீட்டில், கூட்டத்தின் நடுவே ஒரு முத்து விழுகிறது. எல்லாரும் குனிந்து தேடுகிறார்கள். ஒருவர் கையில் முத்து. மற்றவர் கையில் கண்ணாடி, கல், மண்கட்டி. ஒவ்வொருவரும் தன் கையில் இருப்பதே முத்து என்று மகிழ்கிறார்கள். விடியும்போது தெரியும். முத்து தம்மிடமே இருக்கிறது என்று கலீஃபா நம்பிக்கை தெரிவிக்க, திமொத்தேயு அதற்கு ஆமென் சொல்லி, அதில் எங்களுக்கும் பங்கு கிடைக்கட்டும் என்கிறார். எல்லாச் சமயமும் ஒன்று என்று அவர் சொன்னதாக இன்று எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. அது சரியில்லை, முத்து தன் சபையிடம் இருப்பதற்கு அற்புதங்களே அடையாளம் என்று அவர் உடனே வாதிடுகிறார். ஆனால் இருட்டில் தானும் நிற்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் வாதிடுகிறார்.

இதே கலீஃபா திமொத்தேயுவிடம் இன்னொரு வேலையையும் ஒப்படைத்தார்: அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களில் ஒன்றான 'டோப்பிகா'வைச் சுரியானியிலிருந்து அரபுக்கு மொழிபெயர்ப்பது. அபூ நூஹ் என்ற கிறிஸ்தவ எழுத்தரின் துணையோடு அது முடிந்தது. மாற்றுச் சபையான சுரியானி ஆர்த்தடாக்ஸ் சபையாரின் மார் மத்தாய் மடத்தில் அந்நூலுக்கு உரை ஏதேனும் இருக்கிறதா என்று சந்தடியில்லாமல் விசாரித்துச் சொல்லும்படி நண்பருக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது. 'டோப்பிகா' வாதம் செய்யும் கலையைக் கற்பிக்கும் நூல். கிறிஸ்தவரோடும் பிறரோடும் எப்படி வாதிடுவது என்று முஸ்லிம் அறிஞர்கள் கற்க விரும்பியபோது, அந்தக் கருவியை அவர்கள் கையில் கொடுத்தவர் அதே கிறிஸ்தவத் தலைவர். அபூ குர்ராவும், அவரை ஒட்டிய தலைமுறையில் பஸ்ராவின் அம்மார், தக்ரீத்தின் அபூ ராயித்தா ஆகியோரும் அந்தத் தர்க்க மொழியிலேயே திரித்துவத்தை மறுபடி எழுதினார்கள். மூவருமே வெவ்வேறு சபையினர், ஒருவரையொருவர் மறுத்தவர்கள். ஆனால் இஸ்லாமின் கேள்விக்கு விடை சொல்லும்போது மூவரின் வாதங்களும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகின்றன.

மேற்கு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது இவற்றில் எது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. மெத்தோதியுவின் பெயரில் வந்த வெளிப்பாடு 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் கிரேக்கத்திலும் லத்தீனிலும் படிக்கப்பட்டு, இடைக்கால ஐரோப்பாவில் திரும்பத் திரும்பப் பிரதியெடுக்கப்பட்டது. யோவானின் அத்தியாயத்திலிருந்து ஊர்க்கதைகளும் வசையும் பைசாந்திய எழுத்தாளர்களுக்குக் கைமாறின. 9ஆம் நூற்றாண்டில் குர்ஆனைக் கிரேக்க மொழிபெயர்ப்பில் படித்து மறுப்பெழுதிய பைசாந்திய நிக்கெத்தாஸ் அந்தச் சூட்டைக் கூட்டினாரே தவிர தணிக்கவில்லை. திமொத்தேயுவின் கடிதமோ சுரியானியிலும் அரபு வடிவங்களிலும் கீழைக் கிறிஸ்தவரிடையே மட்டும் உலவியது. அல்ஃபோன்ஸ் மிங்கானா அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டது 1928இல். அதற்குள் ஐரோப்பியக் கிறிஸ்தவம் இஸ்லாமைப் பற்றித் தன் முடிவுகளை எடுத்து, அவற்றின் மேல் பல நூற்றாண்டுகள் கட்டியும் முடித்திருந்தது.